எங்கள் ஒழுங்கையில் வாகனம் எண்ணினோம், ஆளுக்கொரு கணக்கு வருகிறது. எப்படிச் செய்வது?

மூன்றாம் குறுக்கு எழுதியது:

வணக்கம். திருகோணமலை நகரத்துக்குள்தான் எங்கள் வீடு, உப்புவெளிக்குப் போகிற பக்கம். ஒழுங்கையின் பெயரை வேண்டுமென்றே போடவில்லை. அயல் ஆட்களும் இங்கே வாசிக்கிறார்கள், ஏற்கெனவே இருக்கிற மனத்தாங்கல் போதும்.

விஷயம் இதுதான். இந்த ஒழுங்கை இரண்டு பெரிய வீதிகளுக்கு நடுவே ஓடுகிறது. எதிரெதிரே இரண்டு ஆட்டோ வந்தால் ஒன்று யாருடைய கேற்றுக்குள்ளாவது ஒதுங்க வேண்டும், அவ்வளவுதான் அகலம். காலையில் 6.45க்குத் தொடங்கி 7.30 வரைக்கும், பிறகு 1.30க்குப் பள்ளிக்கூடம் விட்டதும், சந்தி நெரிசலுக்குப் பயந்து எல்லா வாகனமும் இதற்குள்ளால்தான் பாய்கிறது. இரண்டு மாதத்துக்கு முன் ஒரு வானின் பக்கக் கண்ணாடி, நாலாம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் புத்தகப் பையில் கொழுவி, பிள்ளை கானுக்குள் விழுந்துவிட்டது. முழங்கை உரசியதோடு போயிற்று. வான்காரர் நிற்கவேயில்லை.

அதற்குப் பிறகு சனசமூக நிலையத்தில் கூட்டம் போட்டு, கடிதம் எழுதி, நாலு பேர் ஓர் அலுவலகத்துக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்தவர் கடிதத்தை வாசித்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "ஒரு நாளைக்கு எத்தனை வாகனம் போகுது, கணக்கு இருக்கா?" எங்களிடம் இல்லை. வெட்கமாகப் போய்விட்டது.

சரி, நாங்களே எண்ணுவோம் என்று 14 பேர் சேர்ந்தோம். பெரும்பாலும் ஏ.எல். முடித்துவிட்டு றிசல்ட்டுக்குக் காத்திருக்கிற பிள்ளைகள், இரண்டு மூன்று பென்சன்காரர், ஒரு தையல்கடை அக்கா. போன புதன்கிழமை ஆளுக்கொரு கொப்பியோடு நின்றோம். ஒரே முனையில், ஒரே கால்மணி நேரத்தில், ஒருவர் 61 எழுதியிருக்கிறார், பக்கத்தில் நின்றவர் 47. விசாரித்துப் பார்த்தால் ஒருவர் சைக்கிளையும் எண்ணியிருக்கிறார், மற்றவர் எண்ணவில்லை. இன்னொருவர் இரண்டு பக்கத்தாலும் போனதை ஒன்றாகக் கூட்டிவிட்டார். ஒரு தங்கச்சி "மான் 11" என்று எழுதி வைத்திருந்தாள். (அது பொய் இல்லை, அன்றைக்கு வந்து நடு றோட்டில் படுத்துவிட்டன.)

எனக்குத் தெரிய வேண்டியது: எத்தனை நாள், எத்தனை மணி நேரம் எண்ண வேண்டும்? குறுக்கு வழியாகப் பாய்கிற வாகனம் எது, இங்கேயே வேலையாக வருவது எது என்று எப்படிப் பிரிப்பது? வேகத்தை நாங்களே அளக்கலாமா? யாரிடம் கொடுத்தால் எடுபடும்?


படிவக்காரன் எழுதியது:

தம்பி, யுத்தம் முடிந்து றோட்டெல்லாம் போட்ட காலத்தில் நான் ஒரு வீதித் திட்டத்தில் வாகனம் எண்ணுகிற வேலை செய்தவன். நாள் கூலி, ஒரு குடை, ஒரு பிளாஸ்டிக் கதிரை. அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

முதலில் கொப்பியை விடுங்கள். ஆளாளுக்குக் கொப்பி என்றால் ஆளாளுக்கு ஒரு கணக்குத்தான் வரும். ஒரே படிவம் அடித்து எல்லோருக்கும் கொடுங்கள். இடப்பக்கம் நேரம், கால்மணிக்கு ஒரு வரி. மேலே வாகன வகை: சைக்கிள், மோட்டார் சைக்கிள், ஆட்டோ, கார், வான், பட்டா (சின்ன லொறி), லொறி, பஸ், லான்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்), மற்றவை. மீன் பெட்டி கட்டின மோட்டார் சைக்கிளும் மோட்டார் சைக்கிள்தான். வான் எங்கே முடிகிறது, பஸ் எங்கே தொடங்குகிறது என்று முதல் நாளே பேசி முடிவெடுங்கள், றோட்டில் நின்று யோசிக்கிற நேரத்துக்குள் நாலு வாகனம் போய்விடும். ஒரு திசைக்கு ஒரு தாள். கடலை நோக்கிப் போவது ஒருவருக்கு, கடலை விட்டு வருவது மற்றவருக்கு. வலம் இடம் என்று எழுதாதீர்கள், அவரவர் திரும்பி நிற்கிற பக்கத்துக்கு அது மாறிவிடும்.

நாலு கோடு கீறி ஐந்தாவதைக் குறுக்கே வெட்டுங்கள். கூட்டுகிறபோது கண் தானாக ஐந்தைந்தாக எடுக்கும். பேனை வேண்டாம், பென்சில். வியர்வை பட்டாலும் தூறல் பட்டாலும் பென்சில் கரையாது. எல்லோருடைய போனிலும் நேரம் ஒன்றாக இருக்கிறதா என்று தொடங்கு முன் பாருங்கள்.

இன்னொன்று, இதில்தான் படித்தவர்களே பிழைவிடுகிறார்கள். ஒன்றும் வராவிட்டால் 0 என்று எழுத வேண்டும். யாரோ கதை கொடுத்து, அல்லது தண்ணி குடிக்கப் போய், அந்தக் கால்மணி விட்டுப்போனால் கட்டத்தை வெறுமையாக விட்டு ஓரத்தில் "எண்ணவில்லை" என்று எழுதுங்கள். ஊகித்து நிரப்பவே கூடாது. எங்களோடு வேலை செய்த ஒருவன் மரத்தடியில் நித்திரை கொண்டுவிட்டு மூன்று மணி நேரத்துக்கு மனக்கணக்காகக் கோடு போட்டான். எல்லாக் கால்மணிக்கும் கிட்டத்தட்ட ஒரே தொகை. மேற்பார்வையாளர் பார்த்த பார்வையிலேயே பிடித்துவிட்டார், றோட்டு அப்படி ஒழுங்காக ஓடாது என்று அவருக்குத் தெரியும்.

நாள்: செவ்வாய், புதன், வியாழன் இதில் ஏதாவது. திங்கள் வேண்டாம், வெள்ளி ஜும்ஆவுக்குக் கடைகள் பூட்டித் திறக்கிறதால் ஓட்டம் வேறு மாதிரி. போயா நாள் (பௌர்ணமி விடுமுறை) வருகிற வாரத்தைத் தவிருங்கள், கொழும்பு வாகனம் நிலாவெளிக்கு வரிசையாக வந்துவிடும். பள்ளித் தவணை நடக்கிற நாளாக இருக்க வேண்டும். சிவராத்திரிக்குப் பிறகு கோணேசர் நகர்வலம் வருகிற நாட்களில் எண்ணினால் அது சாமியின் கணக்கு, ஒழுங்கையின் கணக்கு இல்லை. முடிந்தால் காலை 6 முதல் மாலை 6 வரைக்கும் ஒரு நாள், முறை வைத்து, ஒருவர் இரண்டு மணிக்கு மேல் நிற்காமல். அதற்கு ஆள் போதாவிட்டால் நெரிசலான இரண்டு நேரத்தை மட்டும் மூன்று நாள் எண்ணுங்கள். அரைகுறையாகப் பன்னிரண்டு மணி நேரம் எண்ணுவதைவிட அது மேல்.

மானை "மற்றவை"யில் போடுங்கள்.


கண்டி வீதி ஆட்டோ எழுதியது:

நான் ஆட்டோ ஓடுகிறவன். ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். இப்படிக் கணக்கெடுத்தால் கடைசியில் யாரைத் துரத்துவார்கள்? எங்களைத்தான். கார்க்காரர் வீட்டு வாசலில் அரை றோட்டை அடைத்துக் காரை விட்டால் அது "பார்க்கிங்". ஆட்டோ ஐந்து நிமிஷம் நின்றால் "இடைஞ்சல்".

நானும் அந்த மாதிரி ஒழுங்கைகளுக்குள்ளால் போகிறவன்தான், மறைக்கவில்லை. ஏன் போகிறேன்? பின்னுக்கு மூன்று பிள்ளைகள் இருக்கும், 7.30க்குக் கேற் பூட்டிவிடுவார்கள், பிந்தினால் ஏச்சு எனக்கு. நீங்கள் எண்ணுகிற ஆட்டோவுக்குள் உங்கள் ஒழுங்கைப் பிள்ளைகளே இருக்கலாம். அதையும் எண்ணுங்கள், எத்தனை ஆட்டோ என்று மட்டும் எழுதாமல் உள்ளே எத்தனை பேர் என்றும் எழுதுங்கள். ஒரு காரில் ஒருவர், என்னுடைய வண்டியில் நான் சேர்க்காமல் மூன்று பேர். எது றோட்டை வீணாக்குகிறது?

அப்புறம், வாகன நம்பர் எழுதுவதாக இருந்தால் பார்த்துச் செய்யுங்கள். இது திருகோணமலை. கொப்பியும் கையுமாக நின்று நம்பர் எழுதுகிற ஆளைப் பார்த்தால் இன்றைக்கும் எங்களில் பலருக்கு வயிறு கலங்கும். நகரத்துக்குள் கடற்படை இருக்கிறது, கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது, எந்தப் பக்கம் திரும்பி நின்று போனைத் தூக்கினாலும் கேள்வி வரும். பொலிஸுக்கு முன்கூட்டியே எழுத்தில் அறிவியுங்கள், பிரதியில் முத்திரை வாங்கி எண்ணுகிறவர் கையில் கொடுங்கள். சந்தியில் எங்கள் தரிப்பிடத்துக்கும் வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள். சொன்னால் நாங்களும் இரண்டு பேர் நிற்போம்.


வெயில்கால டீச்சர் எழுதியது:

மேலே எல்லோரும் வாகனத்தையே எண்ணுகிறீர்கள். விழுந்தது பிள்ளை.

நடந்து போகிறவர்களுக்கு ஒரு தாள் வேண்டாமா? எத்தனை பிள்ளைகள் தனியாகப் போகின்றன, எத்தனை பேரைக் கை பிடித்துக் கூட்டிப் போகிறார்கள், எந்த இடத்தில் கானோரத்தை விட்டு நடு றோட்டுக்கு இறங்குகிறார்கள், ஏன் இறங்குகிறார்கள். எங்கள் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஒரு நாள் நான் சும்மா நின்று பார்த்தேன். மஞ்சள் கோடு இருக்கிற இடத்தில் ஒரு பிள்ளையும் கடக்கவில்லை. ஐஸ்பழ வண்டி நிற்கிற இடத்தால்தான் எல்லாம் கடந்தன. வண்டிக்காரரைக் கேட்டேன், அந்த இடத்தில்தான் வேப்பமர நிழல் என்றார். இதை எந்தப் படிவமும் சொல்லாது, நின்று பார்த்தால்தான் தெரியும்.

மத்தியானம் 1.30க்கு எண்ணும்போது தொப்பி, தண்ணி கட்டாயம். சோளகக் காற்று எழும்பிவிட்டால் படிவம் பறக்கும், கிளிப்போட்டுக்குக் கீழ்ப்பக்கமும் ஒரு றப்பர் போடுங்கள். ரியூசன் நேரத்தையும் மறக்க வேண்டாம், இந்த ஊரில் பள்ளிக்கூடம் இரண்டு தடவை விடும். 1.30க்கு ஒன்று, பின்னேரம் ரியூசன் முடிய மற்றது. இருட்டிப்போய் சைக்கிளில் லைட் இல்லாமல் பத்துப் பிள்ளைகள் வரிசையாக வருகிற நேரம் அதுதான், அந்த நேரத்தில் அலுவலர் எவரும் வந்து பார்த்ததாக நான் காணவில்லை.


பழைய ரி.ஓ. எழுதியது:

வீதி வேலைப் பகுதி ஒன்றில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். கேட்ட கேள்விகளில் கடைசி இரண்டுக்கு நான் சொல்கிறேன்.

யாரிடம் கொடுப்பது என்பது அந்த வீதி யாருடையது என்பதைப் பொறுத்தது. ஏ, பி வகை வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குச் சொந்தம். நம் பக்கத்துக்கு வருகிற ஏ6, ஏ12, ஏ15 எல்லாம் அதில் சேரும். சி, டி வகை மாகாணத்தின் வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. மிச்ச ஒழுங்கைகள் உள்ளூராட்சி சபைக்கு. உங்கள் ஒழுங்கை சபையுடையதாக இருக்கும், ஆனால் அது போய் முட்டுகிற இரண்டு வீதியும் சபையுடையதாக இராது. வேகத்தடையை ஒழுங்கைக்குள் கேட்டால் ஓர் அலுவலகம், முனையில் ஆட்கள் கடக்கிற மஞ்சள் கோட்டுக் கடவை கேட்டால் வேறோர் அலுவலகம், ஒருவழிப் பாதை ஆக்கச் சொன்னால் பொலிஸும் வரும். ஒரே கடிதத்தில் மூன்றையும் கேட்டால் ஒவ்வொருவரும் மற்றவர் மேசையைக் காட்டுவார்கள். நானே அப்படிக் காட்டியிருக்கிறேன். மூன்று கடிதம் எழுதுங்கள்.

கடவை கேட்பதற்கு ஒரு பழைய பிரித்தானியச் சூத்திரம் உண்டு. எங்கள் காலத்து ஆட்கள் அதைத்தான் முதலில் தேடுவார்கள். ஒரு மணி நேரத்தில் கடக்கிற ஆட்களின் தொகையை, ஒரு மணி நேரத்தில் போகிற வாகனத் தொகையின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். மிகவும் நெரிசலான நாலு மணி நேரத்தின் சராசரியை எடுப்பார்கள், விடை 10 கோடியைத் தாண்டினால் கடவைக்குத் தகுதி. ஒரு பேச்சுக்கு, 800 வாகனம், 160 ஆள் என்று வைத்தால் 10 கோடியே 24 இலட்சம், மயிரிழையில் தேறும். ஆள் தொகை அதேயாக இருந்து வாகனம் 400 ஆனால் இரண்டரைக் கோடிதான். வாகனத்துக்கு இரண்டு தடவை மதிப்பு, மனிதனுக்கு ஒரு தடவை, கவனித்தீர்களா? இதில் இன்னொரு பெரிய ஓட்டை. கடக்கப் பயந்து வீட்டோடு இருக்கிற ஆச்சி இந்தக் கணக்கில் இல்லை. றோட்டு எவ்வளவு பயங்கரமோ, கடக்கிற ஆள் அவ்வளவு குறையும், கடவை அவ்வளவு தேவையில்லை என்று விடை வரும். பிரித்தானியாவிலேயே இதை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். டீச்சர் சொன்ன மாதிரி நின்று பார்த்ததை எழுதி, அந்த எண்ணோடு சேர்த்துக் கொடுங்கள்.

வேகம்: அளக்கலாம், கருவி வேண்டாம். 100 மீட்டரை நாடாவால் அளந்து இரண்டு முனையிலும் ஓர் அடையாளம் வையுங்கள், மதிலில் சோக்கால் ஒரு கோடு போதும். ஊருக்குள் காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் எல்லை மணிக்கு 50 கிலோமீட்டர். 100 மீட்டரை 7.2 வினாடிக்குள் தாண்டினால் எல்லை மீறல். ஆட்டோவுக்கு எல்லை 40, அதற்கு 9 வினாடி. 50 மீட்டரிலும் செய்யலாம், ஆனால் போன் கடிகாரத்தை அமுக்குகிற கை கொஞ்சம் பிந்தினாலும் கணக்குக் கெட்டுவிடும். 100 வாகனத்தின் வேகத்தை எழுதிச் சிறியதிலிருந்து பெரியதுக்கு அடுக்குங்கள், 85ஆவது வாகனத்தின் வேகம்தான் பொறியியலாளர் கேட்கிற எண். சராசரியை ஒருவரும் கேட்க மாட்டார்கள். அப்புறம், பளபளக்கிற மஞ்சள் அங்கி போட்டுக்கொண்டு நிற்காதீர்கள், பொலிஸ் என்று நினைத்து எல்லோரும் நல்ல பிள்ளையாகிவிடுவார்கள். தேத்தண்ணிக் கடை வாங்கில் இருந்து அளப்பதுதான் உண்மையான அளவு.

பழைய கணக்கு கோப்பில் இருக்கிறது, அதையே தருகிறோம் என்று யாராவது சொன்னால் ஆண்டைப் பாருங்கள். 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரைக்கும் அந்தப் பக்கத்துச் சனம் வாகனம் ஏற்றுகிற மிதவைப் பாதையில் ஏறித்தான் இக்கரைக்கு வந்தது, ஒரு தடவைக்கு எத்தனை வாகனம் ஏறும் என்று எல்லோருக்கும் தெரியும். அதற்கு முந்திய கணக்கை வைத்து இன்றைய நகரத்தைப் பேச முடியாது.


படிவக்காரன் எழுதியது:

குறுக்கால் பாய்கிறவரைப் பிரிப்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். இரண்டு முனையிலும் ஆள் நிற்க வேண்டும். ஒவ்வொரு வாகனத்துக்கும் நேரமும் நம்பரின் கடைசி நாலு இலக்கமும். எழுத முயலாதீர்கள், கைக்கு ஓடாது. போனில் ஒலிப்பதிவைப் போட்டுவிட்டு வாயால் சொல்லுங்கள், வீட்டுக்குப் போய் எழுதலாம். ஒழுங்கையைக் கடக்க இரண்டு நிமிஷம் எடுக்கும் என்றால், இந்த முனையில் நுழைந்த நம்பர் மூன்று நிமிஷத்துக்குள் அந்த முனையில் வெளியே வந்தால் அது பாய்கிற வாகனம். வராவிட்டால் உள்ளே எங்கேயோ வேலை. கணக்குப் பார்த்து முடிந்ததும் ஒலிப்பதிவை அழித்து, நம்பர்த் தாளைக் கிழித்துவிடுங்கள். ஆட்டோத் தம்பி சொன்ன பயத்துக்கு அதுதான் மருந்து.


மூன்றாம் குறுக்கு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. (படிவக்காரன் அண்ணை, தம்பி இல்லை, தங்கச்சி.)

வியாழக்கிழமை காலை ஒரு மணி நேரம் ஒத்திகை பார்த்தோம். பொலிஸுக்குக் கடிதம் கொடுத்தோம், ஆட்டோத் தரிப்பிடத்துக்கும் போய்ச் சொன்னோம், உண்மையாகவே ஒருவர் வந்து கீழ் முனையில் நின்றார், நம்பரை எங்களைவிட வேகமாகச் சொன்னவர் அவர்தான். ஒரே படிவம் என்பதால் இந்த முறை இரண்டு பேருடைய கணக்குக்கும் நடுவே மூன்றுதான் வித்தியாசம்.

பிரச்சினை வேறு இடத்தில் வந்துவிட்டது. இரண்டு முனையின் நம்பரையும் வீட்டில் வைத்து ஒப்பிட்டோம். நுழைந்ததில் பாதிக்கும் மேல் மறு முனையால் வெளியே வரவேயில்லை. வந்த வழியாலேயே திரும்பிப் போயிருக்கின்றன. அதாவது பாய்கிற வாகனம் இல்லை. எங்கள் ஒழுங்கைக்குள் இருக்கிற முன்பள்ளிக்கும் ரியூசன் கொட்டிலுக்கும் பிள்ளையை இறக்க வருகிற ஆட்கள், மிச்சம் எங்கள் வீட்டு வாகனங்களே. என் அப்பாவின் மோட்டார் சைக்கிள் மூன்று தடவை இருக்கிறது: பாண், பத்திரிகை, பிறகு மறந்த சில்லறை.

இதை வைத்து நேற்று சனசமூக நிலையத்தில் பெரிய வாக்குவாதம். ஒரு மாமா சொல்கிறார், வெளியார் பாய்கிற கணக்கை மட்டும் கடிதத்தில் போடுவோம், மற்றதைச் சொன்னால் "உங்கள் வாகனத்தை நீங்களே குறையுங்கள்" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று. பாதிப் பேர் அவர் பக்கம். தையல்கடை அக்கா மட்டும், அப்படியென்றால் எனக்கு இரண்டு நாள் வேலை கெட்டதுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டுவிட்டு எழும்பிப் போய்விட்டார். எனக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை.


கண்டி வீதி ஆட்டோ எழுதியது:

நான் அப்போதே சொன்னேன். சிரிக்கவில்லை, சும்மா சொல்கிறேன்.


பழைய ரி.ஓ. எழுதியது:

தங்கச்சி, முழுவதையும் கொடுங்கள். பாதியைக் கொடுத்தால், வேகத்தடை போட முன் அவர்கள் தங்கள் ஆளை அனுப்பி ஒரு நாள் எண்ணிப் பார்ப்பார்கள். அந்த எண்ணும் உங்கள் எண்ணும் ஒத்துவராவிட்டால் அந்தக் கோப்பு பிறகு எழும்பாது. அதோடு, வானின் கண்ணாடி பிள்ளையின் பையில் கொழுவுவதற்கு அது வெளியூர் வானாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. முன்பள்ளிக்கு இறக்க வருகிறவர்களை முனையிலேயே நிறுத்தி, பிள்ளைகளை ஒருவர் நடத்திக் கூட்டிப்போக ஓர் ஏற்பாடு செய்ய முடியுமா என்று பாருங்கள். அதற்கு எந்த அலுவலகமும் தேவையில்லை, மாமாவைச் சம்மதிக்க வைக்க வேண்டும், அது கொஞ்சம் கஷ்டம்தான்.


வெயில்கால டீச்சர் எழுதியது:

முன்பள்ளி டீச்சரிடம் முதலில் பேசுங்கள், பெற்றோர் அவருடைய சொல்லைக் கேட்பார்கள். முழுநாள் எண்ணுவது எப்போது?


மூன்றாம் குறுக்கு எழுதியது:

வருகிற செவ்வாய், 6 முதல் 6. அக்காவைச் சமாதானப்படுத்தியாயிற்று, அவர் மேல் முனையில் காலை முறை. மத்தியானம் 12க்கும் 2க்கும் இடையில் கீழ் முனைக்கு இன்னும் ஒருவர் வேண்டும், கிளிப்போட்டும் குடையும் நாங்கள் தருவோம். அந்த நேரம் யாருக்காவது சரிவந்தால் இங்கேயே சொல்லுங்கள்.


கண்டி வீதி ஆட்டோ எழுதியது:

1 மணி வரைக்கும் நான் வருகிறேன். அதற்குப் பிறகு ஸ்கூல் ஹயர்.